வத்தல் ஏன் பொரியவில்லை?

சமையல் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏற ஏறக் கடிதங்களும் ஏறிக்கொண்டே போகின்றன. சேலம் பக்கத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

பத்து வருஷமாக எங்கள் வீட்டில் மாமியார்தான் ஜவ்வரிசி வத்தல் போடுவார். இந்த வருஷம் முழங்கால் வலியால் அவரால் மாடி ஏற முடியவில்லை. நானே ஒரு கிலோ போட்டேன். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி அழகாக இருந்தது. எண்ணெயில் போட்டால் ஓரம் மட்டும் பொரிகிறது, நடுவில் கல்லாக நிற்கிறது. “கூழ் வேகலை” என்கிறார் மாமியார். ஒன்றரை மணி நேரம் கை வலிக்கக் கிளறினேனே!
வாசகி, அம்மாப்பேட்டை

மாமியார் சொல்வதுதான் சரி. எவ்வளவு நேரம் கிளறினோம் என்பது கணக்கில்லை. கரண்டியிலிருந்து ஒரு மணியை எடுத்து, ஆறியதும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அது வேகவில்லை. வெந்த மாவுதான் எண்ணெய்ச் சூட்டில் உள்ளிருக்கும் துளி ஈரத்தை ஆவியாக்கிப் பிடித்துக்கொண்டு உப்பும். வேகாத மாவுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, கல்லாகவே நிற்கும். கண்ணாடி மாதிரி இருந்தது என்று எழுதியதை வைத்துப் பார்த்தால் நீங்கள் வாங்கியது நைலான் ஜவ்வரிசி. அதை ஆவியில் அவித்துக் காயவைப்பதால் வேகாமல் இருந்தாலும் பார்வைக்கு மினுமினுப்பாகத்தான் இருக்கும். மாவு ஜவ்வரிசியைச் சூட்டுத் தட்டில் வறுத்து எடுக்கிறார்கள். அது வெள்ளையாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் ஊறிவிடும். நைலான் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். மாமியார் எந்த ரகம் வாங்குவார் என்று கேட்டுவிட்டீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கிலோவுக்கு ஊறவைக்கும் தண்ணீரையும் சேர்த்து 7 லிட்டர் தேவை. பாத்திரம் 12 லிட்டராவது பிடிக்க வேண்டும். அதைவிடச் சின்னது என்றால் அடி பிடிக்குமோ என்று பயந்து தீயைக் குறைத்துவிடுவோம், கூழ் கொதிக்காமல் வெதுவெதுப்பிலேயே கெட்டியாகிவிடும். கெட்டியானதும் வெந்துவிட்டது என்று நினைத்து இறக்குகிறோம். தனியாக முதல்முறை போடுகிறவர்கள் அரை அரை கிலோவாகப் போடுவதே நல்லது. மிச்சத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஊறிய ஜவ்வரிசியைச் சேர்த்து, மணிகள் எல்லாம் கண்ணாடியாகி நசுக்கல் சோதனையில் தேறும்வரை கொதி அடங்கக் கூடாது. இடையில் இறுகினால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

உப்பு கிலோவுக்கு 30 கிராம் போதும். கூழை ருசி பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும், இருக்கட்டும். எட்டு கிலோக் கூழ் காய்ந்து ஒரு கிலோ சொச்சமாகும்போது உப்பு ஏறி நிற்கும். கூழில் உப்பு சரியாக இருந்தால் வத்தலை வாயில் வைக்க முடியாது. பச்சை மிளகாய் முப்பதை அரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், திப்பி விழுந்த இடத்தில் வத்தல் விரிசல் விடும். எலுமிச்சைச் சாறு நாலு பழத்தினுடையது. அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது புளிப்பு சேர்த்தால் கூழ் நீர்த்துப்போகும், எவ்வளவு கிளறினாலும் பழைய பதத்துக்கு வராது.

துணியில் ஒரு கரண்டி ஊற்றினால் தானாக உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நிற்க வேண்டும். தள்ளிவிட்டால்தான் பரவுகிறது என்றால் கெட்டி: நடுப்பகுதி முதல் நாள் சாயங்காலத்துக்குள் காயாமல் புளித்துவிடும். ஓடினால் தண்ணீர்: துணியோடு ஒட்டிக்கொண்டு உரியும்போது உடையும். மறுநாள் துணியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு உரியுங்கள். அதன் பிறகும் இரண்டு வெயில் தேவை.

போட்டதை வீணாக்க வேண்டாம். முதலில் எண்ணெய்ச் சூட்டைச் சரிபாருங்கள். ஒரு துண்டு போட்டால் இரண்டு நொடியில் மேலே வர வேண்டும். அந்தச் சூட்டிலும் கல்லாகவே நின்றால், வத்தலை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு திரும்பக் கொதிக்கவிட்டு, மறுபடி ஊற்றிவிடலாம். உப்பும் காரமும் ஏற்கெனவே இருப்பதால் எதுவும் சேர்க்கக் கூடாது. நிறம் கொஞ்சம் மங்கும், பொரியும்.

கல்யாணமாகி சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அம்மா வீட்டில் மூன்று விசிலுக்குக் குழைகிற துவரம்பருப்பு, இங்கே ஆறு விசிலுக்கும் முழித்துக்கொண்டு நிற்கிறது. இட்லி மாவும் பொங்குவதில்லை. “மலைத் தண்ணி அப்படித்தான்” என்கிறார் நாத்தனார்.
வாசகி, ஏற்காடு

தண்ணீரை விடுங்கள், உயரம்தான் காரணம். சேலம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் மேலே இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் உங்கள் அடுப்பில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஏறாது. குக்கருக்குள்ளும் இரண்டு மூன்று டிகிரி குறைவுதான்.

அதனால் விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஒரு டம்ளர் பருப்பைச் சூடான தண்ணீரில் 45 நிமிடம் ஊறவையுங்கள். மூன்று டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து, முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பதினைந்து நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறக்க வேண்டும். உப்பு, புளி, தக்காளி எல்லாம் பருப்பு மசிந்த பிறகு. இதற்கும் மசியவில்லை என்றால் பருப்பு பழசு, கடையை மாற்றுங்கள்.

மாவு பொங்காதது குளிரால். மார்கழி ராத்திரியில் அங்கே மாவு இருக்கிற சூட்டில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். இட்லி அரிசி நாலு, உளுந்து ஒன்று, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்ற கணக்கை மாற்ற வேண்டாம். அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கையாலேயே கலக்குங்கள், உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். சேலத்துச் சித்திரையில் அது உதவி, உங்களுக்கு இடைஞ்சல். பெரிய குக்கரில் இரண்டு அங்குலம் வெந்நீர் ஊற்றி, ஸ்டாண்ட் வைத்து, அதன் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடி, கம்பளியால் சுற்றிவிடுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை வெந்நீரை மாற்றினால், 14 மணி நேரத்தில் பொங்கும். ஆவியும் 95 டிகிரிதான் என்பதால் இட்லிக்கு வழக்கத்தைவிட மூன்று நிமிடம் கூடுதல்.

பையனின் பிறந்தநாளுக்கு அவன் கூட்டாளிகள் நாற்பது பேர். கேக் வேண்டாமாம், வீட்டிலேயே தட்டுவடை செட் வேண்டுமாம். போன முறை செய்தபோது தட்டுவடை சில பூரி மாதிரி உப்பிவிட்டன. செட் கைக்கு வருவதற்குள் நமநமத்துப் போனது. அளவோடு சொல்லுங்கள்.
வாசகி, தாதகாப்பட்டி

இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காயும் வைத்தால் ஒரு செட். தலைக்கு மூன்று செட் என்றால் 120 செட், 240 தட்டுவடை. உடைவதற்கும் சேர்த்து 260 தட்டுங்கள்.

பச்சரிசி மாவு ஒன்றேகால் கிலோ, வறுத்து அரைத்த உளுந்து மாவு 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, துணியில் ஈரம் போக ஒற்றி எடுத்த கடலைப்பருப்பு ஒரு கைப்பிடி. இந்த ஒற்றல்தான் முக்கியம். ஈரப் பருப்பு எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும். மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், காரம் சட்னியில் வந்துவிடும். பெருங்காயம், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை, உப்பு. மாவில் வெண்ணெயைத் தேய்த்துப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். மொத்த மாவையும் ஒரே தடவை பிசைந்து வைத்தால் கடைசி ஈடு போடுவதற்குள் காய்ந்து ஓரம் விரியும். நாலு பங்காகப் பிரித்துப் பிசையுங்கள்.

கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய உருண்டை எடுத்து, எண்ணெய் தடவிய ஷீட்டில் வைத்து, டபராவின் அடிப்பாகத்தால் அழுத்தினால் இரண்டு அங்குல வட்டம் வரும். முள்கரண்டியால் ஐந்தாறு இடத்தில் ஆழமாகக் குத்துங்கள். போன முறை பூரியானது இதை விட்டதால்தான். நடுத்தரத் தீயில் சலசலப்பு முழுக்க அடங்கும்வரை வேக வேண்டும். சத்தம் இருக்கும்போதே எடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், மறுநாள் சவசவக்கும். எண்ணெய் குடித்தால் வெண்ணெய் கூடிவிட்டது அல்லது சூடு போதவில்லை. கடிக்க முடியாமல் இருந்தால் வெண்ணெய் குறைவு. இரண்டு நாள் முன்னதாகவே செய்து டின்னில் அடைத்துவிடலாம்.

பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லி மூன்று பெரிய கட்டு, புதினா ஒரு கட்டு, பச்சை மிளகாய் பத்து, இரண்டு அங்குல இஞ்சி, மூன்று எலுமிச்சை, உப்பு, கெட்டிக்காக ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. சிவப்புக்கு வெந்நீரில் ஊறிய வரமிளகாய் இருபத்தைந்து, பூண்டு மூன்று முழுசு, தக்காளி நாலு, சுண்டைக்காய் அளவு புளி. அரைத்து, நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இரண்டுமே கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதம். கடைகளில் செட் மொறுமொறுப்பாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கெட்டிதான். வீட்டில் இட்லிக்கு அரைக்கிற மாதிரி அரைத்துவிடுகிறோம்.

நமநமப்புக்கு இன்னொரு காரணம் உப்பு. கேரட் 600 கிராம், பீட்ரூட் 400 கிராம் துருவி, பீட்ரூட்டைத் தனியாகப் பிழிந்து வையுங்கள். பெரிய வெங்காயம் அரைக் கிலோ பொடியாக நறுக்கி வையுங்கள். முன்கூட்டியே உப்புப் போட்டால் பத்து நிமிடத்தில் காய் தண்ணீர் விடும். செட் போடும்போது மேலே ஒரு சிட்டிகை தூவினால் போதும். கீழ் வடையில் பச்சை, மேல் வடையில் சிவப்பு, நடுவில் காய். இருவர் நின்று போட்டுக்கொண்டே இருக்க, பிள்ளைகள் வரிசையில் வந்து வாங்கிப் போக வேண்டும். தட்டில் அடுக்கி மேஜையில் வைத்தால் கேக்கே வாங்கியிருக்கலாம். உடைந்தவற்றோடு பொரி, காய், இரண்டு சட்னி போட்டுக் கிளறினால் நொறுக்கல். பெரியவர்களுக்கு அது போதும், அவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும் அதைத்தான்.

அப்பாவுக்கு 76 வயது. லீ பஜாரில் மூட்டை ஏற்றி இறக்கிய உடம்பு. ஒரே உட்காரலில் பதினைந்து இட்லி சாப்பிட்டவர். அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. “பசிக்கலப்பா” என்று இலையைத் தள்ளிவிடுகிறார். ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. மூன்று வேளையும் அதையே கொடுக்கலாமா? என் மனைவி என்ன செய்து வைத்தாலும் இரண்டு வாய்தான்.
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

மூன்று வேளையும் வேண்டாம். ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து, புரதம் பெயருக்குத்தான். ஜுரத்தில் கிடப்பவருக்கு இரண்டு நாள் கொடுப்பது வேறு, ஏழு மாதம் அதிலேயே ஓட்டுவது வேறு. தசை கரைந்து நடை தள்ளாடும். சர்க்கரை இருந்தால் இன்னும் மோசம்.

முதலில் எடை பாருங்கள். ஆறு மாதத்தில் உடம்பின் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 60 கிலோக்காரருக்கு 3 கிலோ, தானாகக் குறைந்திருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்குப் பசியைக் கெடுக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல்செட் தளர்ந்திருக்கிறதா, வாய்ப்புண் உண்டா, மலச்சிக்கலா என்று கேளுங்கள். ஆண்கள் இதையெல்லாம் மருமகளிடம் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். தூக்கமும் பேச்சும் குறைந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். துக்கமும் பசியை அடைக்கும், அதற்கும் வைத்தியம் உண்டு.

இறங்குவது கஞ்சிதான் என்றால் கஞ்சியிலேயே சத்தை ஏற்றுங்கள். பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து அரைத்த மாவு இரண்டு மேசைக்கரண்டி, கேழ்வரகு மாவு ஒன்று. இரண்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் எட்டு நிமிடம் வேகவிட்டு, 200 மி.லி. பால் சேர்த்து ஒரு கொதி, ஒரு ஸ்பூன் நெய். அவர் கைக்குப் பழகிய வழவழப்பு வேண்டுமென்றால் வெந்த ஜவ்வரிசி இரண்டு ஸ்பூன் கலந்துவிடுங்கள், வித்தியாசம் தெரியாது. ஒரு டம்ளரில் 13, 14 கிராம் புரதம் கிடைக்கும். அவர் வயதில் ஒரு நாளைக்கு எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் தேவை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பதினைந்து இட்லி சாப்பிட்டவர் முன்னால் ஐந்தை வைத்தால் பார்த்ததுமே மலைப்பார். சின்னத் தட்டில் இரண்டு இட்லி வையுங்கள், இரண்டரை மணி நேரம் கழித்து இன்னொன்று. சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீரோ காபியோ வேண்டாம், வயிறு அடைத்துவிடும். வயதானால் நாக்கு மங்கும். உப்பைக் கூட்டாமல் புளிப்பையும் தாளிப்பையும் கூட்டுங்கள்: எலுமிச்சை, மிளகு, பூண்டு, கடைசியில் ஊற்றும் பச்சை நல்லெண்ணெய். தனியாக உட்காரவைத்துப் பரிமாறாதீர்கள், நீங்களும் அதே நேரத்துக்குத் தட்டோடு உட்காருங்கள். உங்கள் மனைவி குழம்பு கொதிக்கும்போது ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்து, “உப்புப் பாருங்க மாமா, அத்தை எப்படி வைப்பாங்க?” என்று கேட்கட்டும். குறை சொல்ல ஆரம்பித்தார் என்றால் நல்லது, குறை சொல்ல நாலு வாயாவது ருசி பார்த்தாக வேண்டும்.

தோட்டத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு), சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்குப் போகிற லோடில் கொஞ்சம் எடுத்து வேகவைத்தோம். ஒரே கசப்பு. உப்பும் தேங்காயும் கூட்டினால் சரியாகுமா?
வாசகர், வாழப்பாடி

ஆகாது, கொட்டிவிடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட வேண்டாம். மில்லுக்குப் போகும் ரகங்களில் சயனைடு விஷம் உண்டாக்கும் பொருள் கூடுதல், கசப்பு அதன் அடையாளம். மில்லில் அரைத்து, பலமுறை அலசி, காயவைப்பதில் அது நீங்கிவிடுகிறது. வீட்டு அடுப்பில் அவ்வளவும் போகாது. சமையலுக்கென்றே விற்கும் ரகத்தை வாங்குங்கள். அதிலும் மேல்தோல், அடியில் இருக்கும் தடித்த தோல் இரண்டையும் நீக்கி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்பு ரேகை ஓட ஆரம்பிக்கும். உடனே சமைக்க முடியாவிட்டால் ஈர மணலில் புதைத்து வையுங்கள்.

மல்கோவா ஒரு கூடை வந்தது. ஃபிரிட்ஜில் பாதி வைத்தோம், மிச்சம் வெளியே. ஃபிரிட்ஜில் இருந்தது பழுக்கவே இல்லை, வெளியே இருந்ததில் கரும்புள்ளி விழுந்தது.
வாசகி, அஸ்தம்பட்டி

பழுக்காத மாங்காயை ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் தாக்கி, பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்ததைத்தான் உள்ளே வைக்கலாம், அதுவும் மூன்று நாள். கரும்புள்ளி ஒரு பூஞ்சை. பறித்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் முக்கினால் வெகுவாகக் குறையும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், இரண்டு சொம்பு குழாய்த் தண்ணீருக்கு ஒரு சொம்பு கொதிக்கும் தண்ணீர் என்று கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். பெரிய அண்டாவில் நாலைந்து காயாகப் போடுங்கள், கூட்டமாகப் போட்டால் தண்ணீர் ஆறிவிடும். துடைத்து, காம்பு கீழே இருக்கும்படி வைக்கோலில் ஒரே வரிசையாக அடுக்கினால் ஐந்தாறு நாளில் பழுக்கும். கார்பைடு கல் பக்கமே போக வேண்டாம், அது தடைசெய்யப்பட்டது.

ஏற்காட்டில் வாங்கி வந்த காபித்தூள். வாசனை பிரமாதம், டிகாஷன் மட்டும் தண்ணீராக இறங்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
வாசகர், சூரமங்கலம்

இல்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஊன்றப்பட்ட காபி இன்றும் அங்கே பெரும்பாலும் அராபிகா. வாசனை தூக்கலாக இருக்கும், கனம் குறைவு. நீங்கள் பழகியது சிக்கரி கலந்த தூளாக இருக்கும். நூற்றுக்கு 15 சிக்கரி கலந்து பாருங்கள். 25 கிராம் தூளைப் போட்டு, மேல்தட்டால் லேசாக அழுத்தி, முதலில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு அரை நிமிடம் பொறுத்து, பிறகு 150 மி.லி. ஊற்றுங்கள். கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் கசப்பு ஏறாது. ஏற்காட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு நிமிடமும் மிச்சம், அங்கே தண்ணீர் கொதிப்பதே 95 டிகிரியில். ஐந்து நிமிடத்தில் முழுக்க இறங்கிவிட்டால் தூள் பருமன், நைசாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரமாகியும் சொட்டவில்லை என்றால் அழுத்தியது அதிகம், அல்லது ஃபில்டர் துளைகளில் பழைய தூள் அடைத்திருக்கிறது. மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைத் தணலில் காட்டி, ஆறியதும் தட்டினால் உதிர்ந்துவிடும்.